சிவப்பு மாத்திரையும் வெள்ளைப் பீங்கானும்

தொழுநோய்த் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடமும் சைக்கிளில். சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பி ஒரகடம், வல்லம், வடகால் என்று நான் மிதித்த தூரத்தை ஒரே கோடாக நீட்டினால், நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பும் வழியில் திருத்தணியையும் பார்த்துவிட்டு வரலாம். என் மனைவி செல்வமேரி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "தாம்பரம் வரைக்கும் போயிருப்பீங்க" என்பாள். பொறாமை.

நான் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்பு போடாமல் சோறு இறங்காது என்பதற்காகக் கொஞ்சம் உப்பு சேர்ப்பேன், அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த நோய்க்கு ஒரே ஒரு வெள்ளை மாத்திரைதான். கிருமி அதிகமாக இருக்கிறவர்களிடம், "எத்தினி நாளைக்கு சார்?" என்று கேட்டால், "நீங்க இருக்கிற வரைக்கும்" என்று சொல்ல வேண்டும். இப்படிச் சொன்னால் யார் முழுங்குவார்கள்? பாதிப் பேர் என் தலை மறைந்ததும் கோழிக்குப் போட்டார்கள். வடகாலில் ஒரு சேவல் அப்படித் தின்று தின்று பதினேழு வருடம் உயிரோடு இருந்தது. அதற்குக் கடைசி வரை ஒரு தேமல் கூட வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக்குக் கூட்டு மருந்து வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்தது. கிருமி அதிகமுள்ளவருக்கு இரண்டு வருடம். தொட்டால் உணர்வில்லாத தேமல் ஓரிரண்டு மட்டும் உள்ளவருக்கு இரண்டு மருந்து, ஆறே மாதம். அதோடு முடிந்தது, பதிவேட்டில் பேரை அடித்துவிடலாம். ஆயுள் தண்டனைக் கைதிக்குத் தேதி குறித்து விடுதலைச் சீட்டு கொடுத்த மாதிரி. முதல் தடவை இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். கூட யாரும் தட்டவில்லை, இருந்தாலும் நான் நிறுத்தவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. மாதத்துக்கு ஒரு நாள் சிவப்பு மாத்திரை ஒன்று உண்டு. அதை என் கண் முன்னால்தான் முழுங்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளிக்கிற பேர்வழிகள் இருப்பதால், முழுங்கியதும் நான் கேள்வி கேட்பேன். "வூட்ல நேத்து இன்னா கொழம்பு?" வாயைத் திறந்து, "கருவாட்டுக் கொழம்பு சார்" என்று முழுசாகச் சொன்னால் மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று என்னைக் கேட்டால் போதும் என்கிற நிலைமை.

சிவப்பு மாத்திரைக்கு ஒரு குணம். முழுங்கிய சில மணி நேரத்தில் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகும். ஒரு நாள் அப்படி இருக்கும், பிறகு தெளிந்துவிடும். கெடுதல் ஒன்றும் கிடையாது. இதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கன்னியப்பனிடமும் சொல்லியிருந்தேன்.

கன்னியப்பன் வடகால்காரன். இருபத்தாறு வயது. ஒரகடம் கூட்டு ரோட்டில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் பம்புக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரி ஒன்று இருந்தது. அதில் டெம்பரவரியாகச் சேர்ந்திருந்தான். இரண்டு வருடம் முடித்தால் ஆவணியில் பர்மனென்ட். நோய் அவனுக்கு முதுகிலும் தொடையிலும் இருந்தது. கை கால் விரல்கள் எல்லாம் சுத்தம். சட்டை போட்டால் யாருக்கும் தெரியாது. அவன் பெண்டாட்டி மரகதத்தையும் எங்கள் துறை ஆட்களையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அவன் குடித்த டம்ளரைக் கூட இடுக்கியால் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள்.

மூன்று மருந்துகளில் ஒன்று தோலைக் கறுப்பாக்கும். அதற்குப் பவுண்டரி மாதிரி ஒளிவிடம் வேறு கிடையாது. அங்கே கரித்தூசியில் முதலாளியின் வெள்ளைக் கார் கூடக் கறுப்பு.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி, ஒரகடம் கூட்டு ரோடு. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி அவன் நிற்பான். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற மாதிரி நான் நிற்பேன். சிவப்பு மாத்திரை கைமாறும். முழுங்கிவிட்டு எட்டு மணி ஷிப்டுக்குப் போவான். இப்படியே பதினெட்டு மாதம் நதி போல ஓடியது. சிவப்பாகப் போனதைப் பவுண்டரிக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பு மண் குடித்துக்கொண்டது. மண்ணுக்கு வாய் கிடையாது.

அந்த வைகாசியில்தான் ஆபீசர் ஒருவர் சோதனைக்கு வந்து, இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில் மூத்திரக் கொட்டகை இல்லையே என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நிர்வாகம் பயந்துபோய்ப் பதினைந்தே நாளில் கட்டிவிட்டது. சுவரில் வரிசையாக நாலு வெள்ளைப் பீங்கான். அப்போதுதான் தேய்த்த பல் மாதிரி வெள்ளை. குழாய் வைத்தார்கள். குழாய்க்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டார்கள்.

பத்தொன்பதாவது மாத்திரை முழுங்கிய அன்று மத்தியானம் கன்னியப்பன் அந்தப் பீங்கானுக்குப் போனான்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால்தான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது.

அவனுக்குப் பின்னால் போனவர் பரசுராமன். இரும்பு உருக்குகிற பர்னஸில் பன்னிரண்டு வருட ஆள், சங்கத் தலைவர். கன்னியப்பனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். தினம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். பரசுராமன் கோஷம் போட ஆரம்பித்தால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் காக்கா பறக்கும். அன்றைக்குப் பீங்கானைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் செங்கல்பட்டுக் காக்காவும் பறந்திருக்கும்.

"டேய்! எவன்டா இது? ரத்தமாப் போய்க்கீறான்!"

மோல்டிங்கில் இருந்தவன், மண் சலித்தவன், பில் எழுதியவன் எல்லாரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் போய் இன்னொரு கூட்டம் வந்து பார்த்தது. கன்னியப்பனும் வரிசையில் நின்று பார்த்தான். பார்க்காவிட்டால் சந்தேகம் வருமே.

"பர்னஸ் சூடு" என்றார் மண் சலிக்கிற அப்பாவு. "உள்ள ஈரல் வெந்துபோச்சி. எங்க மாமனுக்கு இப்படித்தான் ஆச்சி. மூணாம் நாளு..."

"மூணாம் நாளு இன்னா ஆச்சி?"

"மூணாம் நாளு சரியாப் பூட்சி. மோர் குடிச்சாரு."

அதுதான் பொறி. எங்கள் பக்கத்தில் தலைவலியா, சூடு. கண்ணெரிச்சலா, சூடு. மருமகள் முகத்தைத் திருப்பினாளா, அதுவும் சூடு. ரத்தமாகப் போனால் அது சூடு இல்லாமல் வேறு என்ன? அரை மணி நேரத்தில் பர்னஸ் பக்கம் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் மேனேஜர் ரூம் வாசலில். கோரிக்கை ஒன்றே ஒன்று: பர்னஸ்காரர்களுக்குத் தினம் இரண்டு வேளை மோர்.

மேனேஜர் வெளியே வந்தார். "யாருக்கு அப்படிப் போச்சு? ஆளைக் காட்டுங்க."

எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள்.

"ஆளே இல்லாத மூத்திரத்துக்கு நான் மோர் குடுக்க முடியாதுப்பா" என்றார் மேனேஜர்.

பரசுராமன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கையெட்டும் தூரத்தில் மோர் நழுவுகிறது. எந்தச் சங்கத் தலைவர் பொறுப்பார்? நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்னுதுதான் சார்" என்றார்.

மோர் வந்தது. மறுநாளே ஒரு அண்டா நிறைய, கறிவேப்பிலை போட்டு. கூடவே ஒரு கடிதமும் வந்தது. பரசுராமனைச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்க நாள் வாங்கியிருக்கிறது, அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. அதுவரை பர்னஸ் வேலை கிடையாது, கேட்டில் உட்கார வேண்டும். சோதனையில் அவர் சொன்னது பொய் என்று தெரிந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் செவ்வாய்க்கிழமை நான் கூட்டு ரோட்டில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றேன். மூன்று பஸ் போயிற்று. டயர் வெடிக்கிற அளவுக்கு அடித்துவிட்டேன். கன்னியப்பன் வரவில்லை.

நேராக வடகாலுக்குப் போனேன். மரகதம் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா சார்? வயித்து வலி, வர முடியலன்னு சொல்லச் சொல்லிச்சி அந்தாளு."

"வயித்து வலியா? எங்க படுத்திருக்கான்?"

"இன்னா வயித்து வலி? ஏரிக்கரைல குந்திக்கினு கீது. லீவு வேற போட்டுகீது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." கடலைச் செடியை உதறினாள். "இல்ல, சொல்லுங்க. இன்னா பண்ணிடும்?"

அவள்தான் பீங்கானில் இருந்து கடிதம் வரை எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன். காது வழியாக வந்தது. மரகதம் சிரிக்கவில்லை.

"இனிமே முழுங்க மாட்டேன்னு சொல்றாரு சார். பத்தொம்போது மாசம் முழுங்கியாச்சி, போதும்ங்கறாரு. போதுமா?"

"போதாது."

"தெனமும் முதுவுல எண்ண தடவும்போது பாக்கறேன். மங்கிக்கினே வருது. இப்பப் போயி வுட்டுட்டா, மறுபடி மொதல்லேர்ந்தா?"

"வரலாம்மா. அப்ப வந்தா இந்த மருந்து கேக்காமலும் போகலாம்."

அவள் கையில் இருந்த செடியைக் கீழே வைத்தாள். "அப்ப போயி இழுத்துக்கினு வாங்க சார்" என்றாள்.

ஏரியில் அந்த மாதம் முழங்கால் ஆழம் கூடத் தண்ணீர் இல்லை. கன்னியப்பன் கரையில் உட்கார்ந்து கல் எறிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்தான், சைக்கிளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஏன்டா, இதுக்குப் போயா மாத்திரைய நிறுத்துவ? ஞாயித்துக்கெழமை முழுங்கு. வேலைக்கு லீவு. நாள் முழுக்க இந்த ஏரியில நீ சிவப்பாப் போ, யார் கேக்கறா? திங்கக்கெழமை காலைல பச்சத் தண்ணி."

அவன் என்னையே பார்த்தான். "அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான்."

"இதை ஏன் சார் மொதல்லயே சொல்லல?"

நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போக வேண்டும், செல்வமேரி விட மாட்டாள் என்பதுதான் உண்மையான பதில். அதை அவனிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் அவன் முகம் தெளிந்திருந்தது. பிறகு மறுபடி இருண்டது. "பரசு அண்ணன் வியாழக்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போவுது சார். அங்க இன்னா பண்ணுவாங்க?"

"வெளக்கு வெச்ச ஒரு குழாய் உண்டு. அத உள்ள வுட்டுப் பாப்பாங்க."

"உள்ளன்னா?"

விளக்கினேன்.

"எம்மாம் நீளம் சார்?"

இரண்டு கையாலும் காட்டினேன். அது ஒன்றும் அவ்வளவு நீளம் கிடையாது. என் கைகள்தான் தாமாக விலகிக்கொண்டே போயின. கன்னியப்பன் காலை இறுக்கி மடக்கிக்கொண்டான்.

"ஒண்ணுமே இல்லாத ஆளுக்கா?"

"ஒண்ணும் இல்லன்னு கண்டுபுடிக்கத்தான்."

"கண்டுபுடிச்சிட்டா, பொய் சொன்னேன்னு வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க. பன்னெண்டு வருச சர்வீசு." கையில் இருந்த கல்லை எறியாமல் வைத்துக்கொண்டான். "நீங்க சொல்லுங்க சார், அண்ணனாண்ட."

"நான் சொல்லக் கூடாது. உன் பேரு என் வாயிலேர்ந்து வராது. செல்வமேரியாண்ட கூட நான் ஒரு பேஷண்ட் பேரச் சொன்னதில்ல."

இதில் உப்பு எதுவும் இல்லை. அப்படியே உண்மை.

"நான் சொன்னா என் வேலை பூடுமே சார்."

"போவலாம்" என்றேன். அதைக் குறைத்துச் சொல்லவும் முடியவில்லை, கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு எருமை வந்து, நீரில் இறங்கி, குளித்து முடித்துப் போனது. அப்புறம் அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"வாங்க சார். கூட வந்து நில்லுங்க. பேச வேணாம்."

சாயங்காலம் வல்லத்தில் பரசுராமன் வீட்டுக்குப் போனோம். அவர் கட்டிலில் சாய்ந்து, கேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்று புலம்பிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கன்னியப்பன் வாசலிலேயே நின்று, ஒரே மூச்சில், ரயில் போகிற வேகத்தில் சொல்லி முடித்தான். நோயின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். மெதுவாகச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பரசுராமன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் டிபன் பாக்ஸ்ல கை வெச்சித் தின்னியேடா" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஆமாண்ணா."

"கூட வந்துகிறது யாரு?"

"மாத்திரை குடுக்கறவரு."

பேச வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தாலும் இதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இவன் மொதல் மாத்திரை முழுங்கிப் பத்தொம்போது மாசம் ஆவுது. மருந்து உள்ள போனதும் அடுத்தவங்களுக்கு ஒட்டற வேலை முடிஞ்சிபோச்சு. சோத்துல எல்லாம் வராது. மருந்தே சாப்புடாம சுத்தறவங்ககிட்டத்தான் பயப்படணும்."

பரசுராமன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எங்களை அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். கிட்டே வந்து சட்டைக் கையை மேலே ஏற்றினார்.

"சார், இத்தப் பாருங்க."

இடது மேல்கையில், ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக, வெளுத்த தேமல்.

"பர்னஸ் பொறி பட்டதுன்னு நெனச்சிக்கினு இருக்கேன். மூணு வருசமா கீது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இது மேல நெசமாவே பொறி பட்டப்போ எனுக்கு வலிக்கல."

என் பையில் தீப்பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே குச்சி இருக்காது, பஞ்சு இருக்கும். அதைத் திரித்து நுனியாக்கினேன். "கண்ண மூடிக்குங்க. நான் தொடற எடத்த வெரலால காட்டுங்க."

தோளில் தொட்டேன், காட்டினார். மணிக்கட்டில் தொட்டேன், காட்டினார். முழங்கையில் தொட்டேன், கொசு உட்கார்ந்த மாதிரி பளிச்சென்று காட்டினார். பிறகு தேமலின் நடுவில் தொட்டேன். மறுபடி தொட்டேன். மூன்றாவது தடவையும் தொட்டேன்.

"தொடுங்க சார்" என்றார் பரசுராமன், கண்ணை மூடியபடியே. "ஏன் சும்மா கீறீங்க?"

நான் எத்தனையோ ஆயிரம் பேருக்கு இந்தச் சோதனையைச் செய்திருக்கிறேன். அந்த இடம் வந்தால் பஞ்சை எடுக்க எனக்கு மனம் வராது. கன்னியப்பன்தான் சொன்னான்.

"தொட்டுட்டாருண்ணா."

பரசுராமன் கண்ணைத் திறந்தார். பஞ்சு தேமல் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கன்னியப்பன் அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுதான கீது? உனுக்கு ஆறே மாசந்தாண்ணா. எனுக்குத்தான் ரெண்டு வருசம்."

"நீ இன்னாடா, பெரிய டாக்டரா?"

"பத்தொம்போது மாசம் சர்வீசுண்ணா."

பரசுராமன் மூக்கால் ஒரு காற்று விட்டார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். பிறகு விரல் விட்டு எண்ணினார். "எனுக்கு மூணு வருசமா கீது. நீ கம்பெனிக்கு வந்து ரெண்டு வருசம் ஆவல. அப்ப நீ குடுக்கல."

"நானும் குடுக்கல, நீயும் குடுக்கல" என்றான் கன்னியப்பன். "சார், அப்படித்தான?"

"இது உள்ள வந்து வெளிய தெரியறதுக்கே பல வருசம் ஆவும். யாரு, எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை, எங்கள் டாக்டர் ஜீப்பில் முகாமுக்கு வருகிற நாள். பரசுராமனைப் பார்த்தார், நரம்பைத் தடவினார், காதில் கீறிக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். கிருமி தெரியவில்லை. ஒரே தேமல், ஆறு மாதம். முதல் சிவப்பு மாத்திரையை அங்கேயே கொடுக்கப் போனேன். பரசுராமன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேணா சார். நாளிக்கிக் காலைல அஞ்சு மணிக்கு."

"ஏன்?"

"நாளிக்கிப் பத்து மணிக்குத்தான ஆஸ்பத்திரி?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட ஆளுக்குச் சங்கத் தலைவர் பதவி ரொம்பச் சின்னது.

வியாழக்கிழமை விடியலில், கூட்டு ரோட்டில், என் கண் முன்னால் முழுங்கினார். "வூட்ல நேத்து இன்னா கொழம்பு?" என்று கேட்டேன். "கெழக்கு வெளுக்கல, அதுக்குள்ள கொழம்பு வெசாரணையா சார்?" என்றார். வாய் காலி. முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். எனக்கு அங்கே வேலை இல்லைதான். இதைப் பார்க்காமல் இருந்தால் எனக்குத்தான் ஈரல் வெந்துபோயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டாக்டரம்மா. கம்பெனிக் கடிதத்தைப் படித்தார், ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். பரசுராமன் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மாவடு ஊறுகாய்க் கடையில் கூட அந்தச் சிவப்பு கிடைக்காது. டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஆட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

பரசுராமன் என்னைப் பார்த்தார். நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரத்தம்னா கலங்கலா இருக்கும். இது கண்ணாடி மாதிரி இருக்கு. காசத்துக்கா, இன்னொண்ணுக்கா?"

"இன்னொண்ணுக்கும்மா."

"எத்தனை மாசமா?"

"இன்னிக்கிக் காலைல அஞ்சு மணிலேர்ந்து."

"கடிதாசில போன மாசம்னு போட்டிருக்கே?"

"அது வேற ஆளுதும்மா."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்" என்றார் பரசுராமன். "குழாய வுட்டாலும் சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா சிரித்தார். தாளை நகர்த்தி எழுத ஆரம்பித்தார். சிறுநீரில் ரத்தம் இல்லை, நிறம் மருந்தினால் வந்தது, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, பர்னஸ் வேலைக்குத் தகுதி உண்டு. எழுதுவதை நிறுத்தி, "பர்னஸ் கிட்ட எவ்வளவு நேரம் நிக்கிறீங்க?" என்று கேட்டார். எட்டு மணி நேரம் என்றார் பரசுராமன். வியர்வையில் உப்பும் நீரும் போய்விடுவதால் பர்னஸ் ஆட்களுக்கு உப்பு போட்ட மோர் தினம் இரண்டு வேளை அவசியம் என்று ஒரு வரி சேர்த்தார்.

"மூணு வேளைன்னு போடுங்கம்மா" என்றார் பரசுராமன்.

"இரண்டு போதும்."

"ஓ.டி. நாள்ல?"

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்தார். ஓ.டி. நாளில் மூன்று.

என்ன மருந்து, எதற்கு மருந்து என்று மேனேஜர் கேட்டு எழுதினாராம். அது மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் உள்ளது என்று ஒற்றை வரியில் பதில் வந்ததாம். மேனேஜர் ஊகித்தாரா, ஊகிக்காதது போல இருந்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. பரசுராமன் திங்கட்கிழமை பர்னஸுக்குத் திரும்பினார். பீங்கானுக்குத் தண்ணீரும் வந்தது. ஆவணியில் கன்னியப்பன் கையில் பர்மனென்ட் ஆர்டர். அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். நான் படிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் தாமதமாகப் போவதைப் பற்றிச் செல்வமேரி ஐந்து மாதம் என்னோடு சண்டை போட்டாள். "அப்படி என்ன தலைபோற வேலை?" என்பாள். பஞ்சர் என்பேன். அந்த ஐந்து மாதத்தில் என் சைக்கிள் நானூறு தடவை பஞ்சரானது.

இருபத்துநாலாவது மாத்திரை ஐப்பசியில். மழை தூறிக்கொண்டிருந்தது. டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் கன்னியப்பனும் பரசுராமனும் நின்றார்கள். பரசுராமனுக்கு அன்று ஐந்தாவது. இருவரும் முழுங்கினார்கள். போன மாதம் எடுத்த கண்ணாடிச் சோதனையில் கன்னியப்பனுக்குக் கிருமி இல்லை என்று வந்திருந்தது. அதை அவனிடம் சொன்னேன்.

"அப்ப அடுத்த மாசம் எத்தினியாம் தேதி வரணும் சார்?"

"மாத்திரைக்கு வர வேணாம்பா. வருசத்துக்கு ஒரு தடவை ஒடம்பக் காட்டு, போதும்."

அவன் நகரவில்லை. வலது கையை விரித்து, மூடி, விரித்தான். நான் பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன்.

"நானே அடிச்சிக்கட்டுமா சார், பேர?"

சட்டப்படி கூடாது. மற்ற பேர்கள் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன். அவன் தன் பேரைக் கண்டுபிடித்து, முதல் எழுத்தில் பேனாவை ஊன்றி, ஏர் பிடிக்கிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தான். காகிதம் கிழிந்தது. அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது. அதற்கடுத்த பக்கத்திலும் விழுந்தது. பதிவேட்டு அட்டையைத் தாண்டி என் சைக்கிள் கேரியரில் கூட ஒரு கீறல் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பரசுராமன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"டேய், பாத்துடா! அடுத்த பக்கத்துல என் பேரு கீது. எனுக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கி."